பதுளை புனித மாற்கு ஆலயமும் எங்கள் தோட்டத்துக் கோயிலும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விழாக் குழுவினர் தொலைபேசியில் அழைத்தபோது நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். டொக்டர்மாரை மேடைக்கு அழைத்தால் வழக்கமாக அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அவர்கள் தந்த தலைப்பு, ‘நமது பிரதேசத்து ஆலயங்களின் வரலாறும் கட்டடக் கலையும்’. “நான் கட்டடக் கலை படித்தவள் இல்லையே, ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?” என்றேன். “எட்டாம் வகுப்பில் சேர்ச்சைக் கயிறு பிடித்து அளந்தது நீங்கள்தானே, அக்கா?” என்று பதில் வந்தது. அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பில் எங்களுக்குச் சமூகக்கல்வி கற்பித்த ஆசிரியை, பதுளையில் உள்ள பழைய கட்டடம் ஒன்றை அளந்து படம் வரைந்து வரும்படி ஐந்து பேருக்கு வேலை தந்தார். எங்கள் பங்குக்குக் கிடைத்தது புனித மாற்கு ஆலயம். துணி காயப்போடும் கயிற்றில் ஒரு யாருக்கு ஒரு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். ஒருத்தி கயிற்றின் தலையைப் பிடித்தாள், ஒருத்தி வாலைப் பிடித்தாள், ஒருத்தி முடிச்சை எண்ணினாள், ஒருத்தி எழுதினாள். ஐந்தாமவள் நான். எனக்குக் கொடுத்த வேலை, சுவரில் பதித்திருக்கும் நினைவுக் கல்லில் உள்ளதைப் பார்த்து எழுதுவது. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை. ஆங்கிலம் வாசிக்கப் பயம். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். அளவுகளெல்லாம் இன்றைக்கு மறந்துவிட்டன. அந்தக் கல்லில் இருந்தது மட்டும் மறக்கவில்லை.

அந்த ஆலயம் ஒரு மனிதனின் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். இலங்கை ரைபிள் படைப்பிரிவின் அதிகாரி, பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி. நிர்வாகமும் நீதியும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் அது. ஊவாவில் பாதைகள் போட்டவர் என்று அவரைப் புகழ்வார்கள். கோப்பித் தோட்டக்காரர்களுக்குப் பாதை என்றால் உயிர். ஆகவே அவர்களுக்கு அவர்மேல் பெரிய மதிப்பு. யானை வேட்டையில் அவர் பெயர் அதைவிடப் பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. இன்று யானைக்காகக் கண்ணீர் விடும் நமக்கு இதைக் கேட்கவே நெஞ்சு பதறுகிறது. அன்று அது வீரம் என்று எண்ணப்பட்டது.

1845 யூன் 7 ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் இறந்தார். வயது 41. இடிமழை ஓய்ந்துவிட்டது என்று எண்ணித் தங்கு விடுதியின் விறாந்தைக்கு வந்து நின்றபோது மின்னல் தாக்கியதாக ஒரு கதை வழங்குகிறது. உடலை நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையிலும் மின்னல் விழுந்தது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. யானைகளின் சாபம் என்பது ஊர்ப் பேச்சு.

அவருடைய நினைவாகப் பதுளையில் எழுந்த ஆலயத்தை 1857 இல் பேராயர் ஜேம்ஸ் சப்மன் பிரதிஷ்டை செய்தார். கொழும்பின் முதலாவது அங்கிலிக்கன் பேராயர் அவர்தான். கல்கத்தாவுக்கும் பிறகு சென்னைக்கும் கீழே இருந்த இலங்கைத் திருச்சபைக்குத் தனிப் பேராயர் கிடைத்ததும் 1845 இல்தான். அதாவது ரொஜர்ஸ் இறந்த அதே ஆண்டில். இறப்புக்கும் பிரதிஷ்டைக்கும் இடையில் 12 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த இடைவெளியில் கோப்பி விலை சரிந்தது, 1848 இல் மாத்தளைப் பக்கம் கிளர்ச்சி நடந்தது, தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

இனி, நான் பார்த்து எழுதிய கல்லுக்கு வருகிறேன். ரொஜர்ஸின் எல்லா வகுப்பு நண்பர்களும் அறிமுகமானவர்களும் அவரை மெச்சியவர்களும் சேர்ந்து இந்த ஆலயத்தை எழுப்பினார்கள் என்பது அதன் சாரம். பாடசாலைக்குத் திரும்பியதும் ஆசிரியை அதைத் தமிழில் சொல்லித் தந்தார். நான் ஒரு கேள்வி கேட்டேன்: “டீச்சர், எல்லா வகுப்பும் என்றால் நம்மட ஆட்களும் உண்டா?” வகுப்பில் சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. “கல்லில் ஒரு பெயர்தான் இருக்கிறது, பிள்ளை. மற்றப் பெயர்களை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்” என்றார்.

எங்கே தேடுவது என்று அவர் சொல்லவில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. அதைச் சொல்வதற்கு முன்பு, தந்த தலைப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். கட்டடங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

அந்தக் காலத்தில் மலைநாட்டில் எழுந்த அங்கிலிக்கன் ஆலயங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக் கிராமத்துக் கோயிலின் ஞாபகத்தில் கட்டப்பட்டவை. நீண்ட மண்டபம். ஒரு முனையில் திருவிருந்து மேசை. வாசலுக்குக் கிட்ட ஞானஸ்நானத் தொட்டி. இந்த ஒழுங்கில் ஒரு கருத்து இருக்கிறது. ஞானஸ்நானத்தால் சபைக்குள் நுழைகிறோம், ஆகவே தொட்டி வாசலருகே. அங்கிருந்து மேசையை நோக்கி நடக்கிறோம், அந்த நடைதான் வாழ்க்கை. கூர்நுனி யன்னல்களும் உயர்ந்த கூரையும் கண்ணை மேலே இழுப்பதற்காக. கூரையைச் செங்குத்தாக வைப்பது அவர்களுடைய நாட்டில் பனி வழுக்கி விழுவதற்கு. இங்கே பனிக்குப் பதில் மழை. பதுளைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு வரும். ஆடி, ஆவணியில் மலையின் மேற்குப் பக்கம் நனையும்போது நமக்கு வறண்ட காற்றுத்தான் வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் உள்ள தனி வாசனைக்கு அந்தக் காற்றுத்தான் காரணம்.

ஹப்புத்தளையில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1869 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே 1869 இல்தான் நம் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் முதன்முதலாகக் கண்ணில் பட்டன. அந்த இலைநோய் கொஞ்ச வருடங்களில் இலங்கையின் கோப்பியையே அழித்துவிட்டது. அதன் பிறகு வந்ததுதான் தேயிலை. ஒரு பக்கம் கோயில் எழும்ப, மறு பக்கம் அதற்குப் பணம் தந்த பயிருக்கே நோய் தொடங்கியிருக்கிறது. அந்த ஆலய வளவில் ஓர் ஆங்கிலக் கவிஞரின் அஸ்தி இருக்கிறது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படிப்பித்த குருவானவர் வால்ட்டர் ஸ்டான்லி சீனியர் 1938 இல் இங்கிலாந்தில் காலமானார். ஆனாலும் அவருடைய அஸ்தி இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்டது. எங்கே உறங்குவது என்று தெரிவுசெய்ய வாய்த்தவர் அவர்.

இந்த ஆங்கில வடிவம் மட்டும்தான் கோயிலா என்ற கேள்வி பிறகு வந்தது. அதற்குப் பதில் சொன்ன கட்டடம், சீனியர் படிப்பித்த அதே கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம். உப அதிபராக இருந்த குருவானவர் கஸ்டர் வடிவமைத்தது. 1922 இல் அடிக்கல் நாட்டி 1935 இல் பிரதிஷ்டை செய்தார்கள். கண்டி அரசரின் சபை மண்டபத்தையும் எம்பெக்கை தேவாலயத்தையும் பார்த்து அந்த மாதிரியிலேயே கட்டினார்கள். செதுக்கிய கருங்கல் தூண்கள், மேலே மரக்கூரை, பக்கங்களில் அடைப்புச் சுவர் கிடையாது. காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் வரும். டேவிட் பேன்டர் தீட்டிய சுவரோவியங்களில் கிறிஸ்துவைச் சுற்றி நிற்பவர்கள் நம் நாட்டு முகம் உள்ளவர்கள். அங்கே முதல்முறை நின்றபோது, இந்தக் கோயிலில் நாங்கள் விருந்தாளிகள் அல்ல என்று தோன்றியது.

இதே காலத்தில் தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. வேலூருக்குப் பயிற்சிக்குப் போன சமயம் திருப்பத்தூருக்குப் போய்வந்தேன். அங்கே 1921 இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இருவரும் வைத்தியர்கள். ஒருவர் தமிழர், டொக்டர் ஜேசுதாசன். மற்றவர் ஸ்கொட்லாந்துக்காரர், டொக்டர் போரஸ்டர் பேற்றன். ஊர் மக்களுக்கு ஜேசுதாசன் பெரியண்ணன், பேற்றன் சின்னண்ணன். இருவரும் கதர் உடுத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் எழுப்பிய செபாலயம் நம் ஊர்க் கோயில் போல் கோபுரத்தோடு நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி நடத்திய கையாலேயே கோயிலையும் கட்டியிருக்கிறார்களே என்று, இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

திரும்ப ஊவாவுக்கு வருவோம். பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம் இருக்கிறது. அது கத்தோலிக்கச் சகோதரிகளுடையது. ஆனாலும் நவீனக் கோயில் என்று நம் மாகாணத்தில் எதையாவது காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவாவும் டென்மார்க் நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னரும் சேர்ந்து வடிவமைத்தது. கூர்நுனி யன்னலும் இல்லை, கோபுரச் சிற்பமும் இல்லை. நம் மலையின் கருங்கல்லை முரடாகவே வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தையும் பார்த்துச் செய்யவில்லை, பழைய கண்டியையும் பார்த்துச் செய்யவில்லை. இந்த மலை, இந்தக் கல், இந்த வெளிச்சம், இவ்வளவுதான்.

இவ்வளவும் புகைப்படம் எடுக்கப்படும் கோயில்கள். புகைப்படத்தில் வராத இன்னொரு வகைக் கோயில் இருக்கிறது. அதில்தான் நம்மில் பலருடைய பாட்டிமார் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

1854 இல் தோட்டத் தொழிலாளர் மத்தியில் ஊழியம் செய்வதற்கென்று ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. அதன் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே அழைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். கிழமை நாட்களில் பாடசாலையாகவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலாகவும் இருக்கும் ஒரே கட்டடம் பல தோட்டங்களில் இருந்தது. பெரிய ஆலயங்கள் சிலவற்றில் துரைமாருக்கு ஆங்கில ஆராதனை ஒரு நேரம், நம் ஆட்களுக்குத் தமிழ் ஆராதனை வேறொரு நேரம். ஒரே கூரை, ஆனால் சந்திக்காத இரண்டு சபை.

எங்கள் தோட்டத்துக் கோயிலும் அப்படி ஒன்று. நமுனுகுல மலையைப் பார்த்தபடி, லயத்துக்கு மேலே இருந்தது. கல்லடுக்கி மண் பூசிய சுவர், தகரக் கூரை. மழை பிடித்தால் பிரசங்கம் கேட்காது. உபதேசியார் புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டு ஒன்றைத் தொடங்குவாராம். கட்டடக் கலை என்று சொல்ல அங்கே எதுவும் இருக்கவில்லை. சுவரில் யாருடைய நினைவுக் கல்லும் இல்லை. ஆனால் உபதேசியாரிடம் ஒரு பதிவேடு இருந்தது. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று மூன்று பகுதி.

எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் தாய், பிறந்த மூன்றாம் மாதம் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அவருடைய தாய், என் பூட்டி, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கையில் மின்னல் தாக்கி இறந்துபோனார். ஐப்பசி மாதத்துப் பின்னேரம். மழைக்கு நிழல் மரத்தடியில் ஒதுங்கியிருந்தார்களாம்.

நான் டொக்டராக இருப்பதால் இந்த இடத்தில் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்று பயந்து தள்ளி நிற்கிறார்கள். பாயாது. மின்னல் பட்ட உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மின்னல் இதயத்தை ஒரு கணம் நிறுத்திவிடும். இதயம் சில வேளை தானாகவே மறுபடி தொடங்கும். ஆனால் மூச்சு அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றே இருக்கும். அந்த நேரத்தில் வாயில் வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் உயிர் தப்ப இடமுண்டு. பல பேர் ஒன்றாக விழுந்திருந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு, செத்தவர் போலக் கிடப்பவரிடம் முதலில் ஓட வேண்டும். மற்ற விபத்துகளுக்கு இது நேர் எதிர். இடி முழங்கினால் மலையை விட்டு இறங்கிக் கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள். தனி மரத்தடி வேண்டாம். இதை உங்கள் தோட்டத்தில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.

1845 இல் ரொஜர்ஸுக்கும் சரி, அதற்குத் தொண்ணூறு வருடம் கழித்து என் பூட்டிக்கும் சரி, இதைச் செய்வதற்குத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை. இரண்டு பேரையும் கொன்றது ஊவாவின் மின்னல்தான். ஒருவருக்குக் கோயில் எழும்பியது. மற்றவருக்குப் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. பெயர், டிவிசன், வயது சுமார் 35, ‘இடி விழுந்து’. அடுத்த வரி வேறொருவருடையது.

ரொஜர்ஸின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நண்பர்கள் ஞாபகம் வைத்தார்கள், அது நல்ல விடயம். எங்களவர்களையும் யாரோ ஒருவர் ஞாபகம் வைத்தாரே என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அந்த ஒரு வரியை எழுதிய உபதேசியார் என் குடும்பத்துக்குச் செய்தது என்ன என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்தது? பெரும்பாலானோர் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. கலியாணம் செய்தவர் என்றால் 1946 தொடக்கத்துக்கு முந்திய ஏழு வருடம், செய்யாதவர் என்றால் பத்து வருடம், இந்த நாட்டில் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். எங்கள் தாத்தா விண்ணப்பம் போட்டபோது, தோட்டத்துக் கடிதங்களோடு அப்பாயியின் ஞானஸ்நானப் பதிவின் பிரதியையும் வைத்தார். விசாரணைக்குப் பல முறை அலைந்து, கடைசியில் பதிவு கிடைத்தது. தாத்தாவின் அண்ணன் இன்னொரு தோட்டத்தில் இருந்தார். காட்ட அவரிடம் ஒரு தாளும் இல்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது.

1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அண்ணன் குடும்பம் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. இன்று அவர்களுடைய பிள்ளைகள் நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் தேயிலையில் இருக்கிறார்கள். அப்பாயி இங்கே, அவருடைய கொழுந்தனார் அங்கே. இடையில் இருந்த வித்தியாசம் ஒரு பதிவேட்டின் ஒரு பக்கம்.

அந்தக் குடும்பங்கள் போன பிறகு எங்கள் தோட்டத்துக் கோயிலில் பாடுவதற்கு ஆளில்லாமல் போனது. தகரம் பறந்தது, மரம் போனது, சுவர் கரைந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அங்கே புல் முளைத்த மேடு ஒன்றுதான் மிச்சம். ஆனால் பதிவேடு தப்பியது. கடைசியாக இருந்த உபதேசியார் அதைப் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்து, டவுனில் குருவானவர் கையில் கொடுத்திருக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்தில் அப்பா ஒரு சான்றிதழுக்காக அதைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். பூச்சி அரித்த ஓரங்களோடு அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, முதலில் அப்பாயியின் பெயரைக் கண்டோம். பிறகு பின்பகுதியில் பூட்டியின் பெயரை. அதுவரைக்கும் அப்பாவுக்கே தன் பாட்டியின் முழுப் பெயர் தெரியாது. “என்னம்மா, இவ்வளவு அழகான பெயரா!” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. என் எட்டாம் வகுப்பு ஆசிரியை சொன்ன ‘வேறு இடம்’ இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சகோதரிகளே, தினமும் நோயாளிகளிடம் நான் கேட்கும் கேள்விகளில் ஒன்று குடும்ப வரலாறு. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்ததா, பாட்டி எந்த வயதில் இறந்தார் என்று கேட்பேன். தோட்டத்திலிருந்து வரும் பெண்களில் பலர் பாட்டியின் பெயரைக் கேட்டாலே யோசிப்பார்கள். அப்பாயி என்பார்கள், அம்மாயி என்பார்கள். பெயர் தெரியாது. இது அவர்களுடைய குற்றம் அல்ல. எழுதி வைக்கப்படாத பெயர் இரண்டு தலைமுறையில் காணாமல் போய்விடும். படித்தவர்களாகிய நம் வீட்டிலும் இதே நிலைதான். தயவுசெய்து, இந்த இடத்திலேயே மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்: உங்கள் பூட்டியின் பெயர் என்ன?

நம் சங்கம் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 1924 இல்தான் புகையிரதம் பதுளை வரைக்கும் வந்தது. அந்த நாட்களில் பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பிய வீடுகள் எத்தனை? அப்படி வந்த பிள்ளைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். இன்று நாம் பதுளையிலும் கொழும்பிலும் இருக்கிறோம். சென்னையிலும், இலண்டனிலும், ரொரன்ரோவிலும், மெல்பேணிலும் இருக்கிறோம். நூற்றாண்டு நினைவாக மண்டபத்தில் ஒரு சலவைக்கல் பதித்து, நன்கொடை தந்தவர்களின் பெயரைப் பொறிப்பது என்று ஒரு யோசனை இருப்பதாக அறிந்தேன். கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தந்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கல்லோடு மட்டும் நின்றுவிட வேண்டாம் என்று சங்கத்திடம் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு விடயங்கள். முதலாவது, நம் மாகாணத்தில் பழைய ஆலயப் பதிவேடுகள் எங்கெங்கே இருக்கின்றனவோ, அங்கே பொறுப்பில் உள்ள குருவானவரின் அனுமதியோடு அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க உதவுவோம். ஒரு நல்ல கமரா, மேசை விளக்கு, பொறுமையான இரண்டு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். பூச்சியும் ஈரமும் நமக்காகக் காத்திருக்காது. கிறிஸ்தவக் குடும்பங்களோடு இது நிற்கவும் கூடாது. கோயில் திருவிழா உபயக் கணக்கு, பள்ளிவாசல் கலியாணப் பதிவு, தோட்டத்துச் செக்ரோல், மருத்துவச்சியின் கொப்பி, எதில் பெயர் இருந்தாலும் அது நம் சொத்து. சிங்களச் சகோதரிகளின் வீட்டுப் பெட்டிகளிலும் இப்படியான தாள்கள் இருக்கும். அவர்களும் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்தான்.

இரண்டாவது இன்னும் இலகுவானது. இந்த மலரை வாசிக்கும் ஒவ்வொரு பழைய மாணவியும் மூன்று பெயர்களை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அம்மாவின் பெயர், அம்மம்மாவின் அல்லது அப்பாயியின் பெயர், அவருடைய தாயின் பெயர். கூடவே அவர்கள் இருந்த தோட்டம், டிவிசன் அல்லது கிராமம். தெரியாவிட்டால் வீட்டில் உள்ள வயதானவர்களை இன்றிரவே கேளுங்கள். நாளைக்கென்று வைத்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனதை என் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன்.

புனித மாற்கு ஆலயத்துக்கு இன்றும் போவேன். அமைதியான இடம். அந்தக் கல்லின் முன்னால் கொஞ்சம் நிற்பேன். எல்லா வகுப்பினரும் சேர்ந்து கட்டினார்கள் என்ற வாசகத்தை இப்போது பயமில்லாமல் வாசிக்கிறேன். அது உண்மையாகவே இருக்கட்டும் என்று விரும்புகிறேன். இந்த மலைகளில் பாதை வெட்டியவர்களும், கல் சுமந்தவர்களும், கொழுந்து எடுத்தவர்களும் அந்த ‘எல்லா’ என்ற சொல்லுக்குள் இருக்க வேண்டியவர்கள். அவர்களுடைய பெயரைச் சேர்க்கும் வேலை நம்முடையது.

மண்டபத்தின் பின்பக்க மேசையில் தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என்னுடைய மூன்று பெயர்களையும் எழுதிவிட்டேன். மேடையில் அவற்றைச் சொல்லப் போவதில்லை, போய் வாசியுங்கள். மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. தேநீருக்குப் போகிற வழியில்தான் மேசை. பேனையும் கட்டி வைத்திருக்கிறேன், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.